களாப் புதரும் பனங்கலயமும்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிப் போகும் வழியில், கெடாரைச் சுற்றியுள்ள கரடுகளிலும் ஏரிக்கரைகளிலும் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பழம் இருந்துகொண்டேதான் இருக்கும். தை, மாசியில் இலந்தை. வைகாசியில் ஈச்சங்குலை. அதை ஒட்டியே களா. ஆனி, ஆடியில் நாவல். மழை ஓய்ந்து பனி இறங்கும்போது சூரை. இடையிடையே காரை, சங்கஞ்செடிப் பழம், வாயைச் சிவப்பாக்கும் சப்பாத்திக்கள்ளிப் பழம். நாவலைத் தவிர மற்றவற்றுக்குப் பெரிதாகச் சந்தை கிடையாது. ஆடு மேய்ப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகிற போக்கில் பறித்துத் தின்பவை.

காட்டுப் பழம் இவ்வளவு கிடைக்கும் ஒரு கிராமம் இங்கிலாந்தில் இருந்தால், ஏதோ ஒரு வீட்டில் ஜாடி நுரைத்துக்கொண்டிருக்கும். அங்கே வேலியோர எல்டர்பெர்ரியும் பிளாக்பெர்ரியும் தலைமுறைகளாக வீட்டு வைன் ஆகின்றன. அமெரிக்கத் தென்மாநிலங்களில் மஸ்கடைன் என்னும் காட்டுத் திராட்சைக்கு அதே கதி. கெடார்ப் பக்கத்தில் நாவலுக்கு உப்புத் தூவுகிறார்கள். களா, ஊறுகாய்க்குப் போகிறது. இலந்தை, மிளகாயும் வெல்லமும் சேர்ந்து உரலில் இடிபட்டு இலந்தை வடையாகிறது. மது மட்டும் ஆகவில்லை.

ஏன் என்று கேட்டால் ‘மதுவிலக்குச் சட்டம்’ என்பது சட்டென்று வரும் பதில். அது 1937ஆம் ஆண்டுச் சமாச்சாரம். அதற்கு முந்திய இரண்டாயிரம் ஆண்டுகளில் இந்த வட்டாரம் குடித்ததற்கு இலக்கியமும் தொல்லியலும் சாட்சி சொல்கின்றன; பழத்தில் வடித்ததற்கான சாட்சிதான் அரிது. காரணத்தை முதலில் புதரிலும் பனையிலும் தேட வேண்டும். சட்டம் பிறகு.

காட்டுத் திராட்சையிலிருந்தே தொடங்கலாம். உலகின் பெரும்பாலான வைன், விட்டிஸ் என்னும் பேரினக் கொடிகளிலிருந்து வருகிறது. இந்தியாவில் அப்பேரினத்தின் காட்டு வகைகள் இமயமலைச் சாரலில் உண்டு. செஞ்சிக் குன்றுகளில் இல்லை. இங்கே இருப்பவை அதன் ஒன்றுவிட்ட உறவுகள். துவையலுக்குப் பறிக்கும் பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் பழத்தைப் பார்த்தால் குட்டித் திராட்சை போலவே சிவந்து திரண்டிருக்கும். கடித்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்களின் வேலை அது. பிரண்டையை நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும், துவையலுக்குப் புளியை அள்ளிப் போடுவதும் இதே அரிப்புக்காகத்தான். வேலிகளில் படரும் மற்ற பிரண்டை இனங்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஆக, திராட்சைக் குடும்பம் இங்கே ஊரெல்லாம் படர்ந்திருந்தும், பிழிந்து குடிக்கத்தக்க ஒரு பழத்தைத் தரவில்லை.

திராட்சை போனால் போகட்டும், மற்ற பழங்கள்? இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நொதித்தல் என்பது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியேற்றும் வேலை. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை கரைந்திருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். வைனுக்கென வளர்க்கும் திராட்சை முற்றிப் பழுக்கும்போது சாற்றில் 20 முதல் 24 சதவீதம் வரை சர்க்கரை இருக்கும். அதனால்தான் திராட்சை வைன் எந்தச் சேர்மானமும் இல்லாமல் 12, 13 சதவீத ஆல்கஹாலைத் தொடுகிறது. அந்த அளவில் கெட்டுப்போக வைக்கும் கிருமிகளில் பல தலையெடுக்க முடியாது. பானம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிற்கிறது.

நாவலில் அவ்வளவு இனிப்பு இல்லை. புவனேசுவரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்து ஆய்வாளர்கள் நாவல்பழத்தை நொதிக்கவைத்துச் சிவப்பு வைன் செய்து, முடிவுகளை 2007இல் வெளியிட்டார்கள். பளிச்சென்ற சிவப்பு நிறம், புளிப்பு, துவர்ப்பு எல்லாம் இருந்தன. ஆல்கஹால் ஏறத்தாழ 6 சதவீதம்தான். பீரை விடக் கொஞ்சம் கூடுதல், திராட்சை வைனில் பாதி. நாவலைத் தின்றவருக்கெல்லாம் தெரிந்த அந்தத் தொண்டைக் கட்டும் துவர்ப்பு, டானின் என்னும் பொருளால் வருவது. சிவப்பு வைனில் நாக்கைச் சுருக்குவதும் அதே பொருள்தான். அந்த வகையில் நம் பழங்களில் திராட்சைக்கு மிக அருகில் நிற்பது நாவல். குறை இனிப்பில் மட்டுமே.

நாவலுக்கே இப்படி என்றால் களாவைச் சொல்லவே வேண்டாம். அதன் காயைக் கிள்ளினால் பால் வடியும். பழுத்தாலும் புளிப்பு போகாது. பெக்டின் மிகுந்திருப்பதால் ஜாமுக்கு அருமையான பழம். சாறு பிழிந்தால் தெளியாது. சூரை பட்டாணி அளவு, அதில் பெரும்பகுதி கொட்டை. பறிக்கப் போனால் கொக்கி முள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். இலந்தையில் மாவுதான் அதிகம், சாறு குறைவு. ஈச்சம்பழத்தில் விதையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சதைப்பற்றைச் சுரண்டித் தின்பதே ஒரு விளையாட்டு. ஒரு புட்டி வைனுக்கு வேண்டிய 150 கிராம் சர்க்கரையைச் சூரைப்பழத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் ஒரு குடும்பமே நாள் முழுக்க முள்ளில் நிற்க வேண்டியிருக்கும்.

குளிர்நாட்டுப் பெர்ரிப் பழங்களிலும் இந்தக் குறை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். பிளாக்பெர்ரி, எல்டர்பெர்ரி வைன்கள் எல்லாம் கடைச் சர்க்கரையின் தயவில் நிற்பவை. புளிப்புத் திராட்சைச் சாற்றில் சர்க்கரை சேர்க்கும் முறையை 1801இல் விரிவாக எழுதியவர் நெப்போலியனின் அமைச்சராக இருந்த வேதியியலாளர் ழான் அந்துவான் ஷப்தால். அந்த முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. காட்டுப் பழ வைன் மலிவான சர்க்கரையோடு பரவிய பழக்கம் என்று சொன்னால் பெரிய தவறில்லை.

கெடாரின் பக்கம் இன்னொன்றும் இருந்தது. பழத்தைக் கெடாமல் காக்க மது ஒரு வழி. வெயில் இல்லாத ஊரில் அது மிக நல்ல வழி. விழுப்புரம் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமா? கிழக்கே மரக்காணத்தில் ஏக்கர் கணக்கில் உப்பளங்கள். வெயிலும் உப்பும் கையருகே இருக்கும் மக்கள் காயவைப்பதையும் ஊறுகாய் போடுவதையும் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. களா ஊறுகாயும் இலந்தை வடையும் ஒரு வகையில் இந்த நிலத்தின் வைன்கள், போதைதான் கிடையாது.

வெயில் நொதித்தலுக்கு எதிரியாகவும் வேலை செய்தது. நல்ல சிவப்பு வைனுக்கு 25 முதல் 30 பாகை வெப்பம் போதும். நொதிக்கும்போது சாறு தானாகவே சூடாகும். வெளியே 40 பாகை அடிக்கும் கோடையில் பானைக்குள் வெப்பம் எல்லை மீறி, ஈஸ்ட் பாதி வேலையில் செத்துவிடும். மீந்த சர்க்கரையில் வேறு கிருமிகள் குடியேறும். பழத்தோலின் மேல் இயல்பாக இருக்கும் காட்டு ஈஸ்ட்களில் பல, ஆல்கஹால் நாலைந்து சதவீதத்தைத் தாண்டியதும் ஒதுங்கிவிடுபவை. அதன்பின் வேலையை முடிப்பது சாக்கரோமைசிஸ் என்னும் வலுத்த இனம். அது போதிய அளவில் இல்லையென்றால் பழ ஈ கால்களில் சுமந்துவரும் அசிட்டிக் பாக்டீரியா முந்திக்கொள்ளும். கிடைப்பது காடி. வட இந்தியக் கடைகளில் நாவல் காடி புட்டி புட்டியாக விற்கிறது. பாத்திரத்தை இறுக மூடினாலும் வம்பு. 200 கிராம் சர்க்கரை உள்ள ஒரு லிட்டர் சாறு முழுதாக நொதித்தால் ஏறத்தாழ 50 லிட்டர் வாயு வெளிவரும். போக வழியில்லாவிட்டால் புட்டி வெடிக்கும்.

இத்தனை பாட்டையும் தேவையற்றதாக்கிய மரம் ஒன்று கெடார் வரப்புகளில் நின்றது.

பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் வடிவது 10 முதல் 13 சதவீதம் இனிப்புள்ள நீர். நாவல் சாற்றுக்கு இணையான இனிப்பு. பறிக்க வேண்டாம், கொட்டை நீக்க வேண்டாம், பிழிய வேண்டாம். நல்ல மரம் ஒரு நாளில் சில லிட்டர் தரும். நாலு லிட்டரில் மட்டும் கிட்டத்தட்ட அரைக்கிலோ சர்க்கரை கரைந்திருக்கிறது. ஈஸ்டைத் தேடிப் போகவும் தேவையில்லை. பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் அது குடியிருக்கிறது. காலையில் இறக்கும்போதே நுரைத்துக்கொண்டிருக்கும் கள்ளில் சில மணி நேரத்தில் நாலைந்து சதவீத ஆல்கஹால் ஏறிவிடும். அதைத் தடுக்கவும் மரமேறிக்குத் தெரியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் காரத்தன்மை கூடி ஈஸ்ட் முடங்கிப்போகும்; இறங்குவது பதநீர். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தால் கருப்பட்டி, இல்லாவிட்டால் கள். நுண்ணுயிரியல் என்ற துறை பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே நொதித்தலை விருப்பம்போல் நிறுத்தவும் ஓட்டவும் தெரிந்த ஒரு சமூகம், சூரை முள்ளில் கையைக் கிழித்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

இலக்கியச் சான்றுகளும் இதற்கு ஒத்துவருகின்றன. இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு பாட்டு உண்டு. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன். அவன் ஆண்டது ஓய்மா நாடு. அவன் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. பாணன் வழியில் கடக்கும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்தக் கடற்கரை ஊரில் அவனுக்குச் சுட்ட மீனோடு கிடைப்பது, நுளையர் வீட்டுப் பெண் வடித்துக் கொடுக்கும் நாள்பட்டு முதிர்ந்த தேறல். வடிப்பவள் பெண் என்பது கவனிக்கத்தக்கது. அங்கே மது, சமையல்போல வீட்டுக் கைவேலை.

எதிலிருந்து வடித்தாள் என்பதை அந்தப் பாட்டு சொல்லவில்லை. பக்கத்துக் காஞ்சியைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது. வலைஞர் குடியிருப்பில் அரிசிக் களியை அகன்ற தட்டில் ஆறவைத்து, முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். முளைத்த தானியத்தில் உண்டாகும் நொதி, மாவைச் சர்க்கரையாக உடைக்கும். பீர் வடிப்பவர் இன்று செய்வதும் அதேதான். மேற்கே செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாத்தில் மூங்கில் குழாயில் முதிரவைத்த தேன் மது வருகிறது. பட்டினப்பாலையின் பரதவர் பனங்கள் அருந்துகிறார்கள். நெய்தலுக்குப் பனையும் அரிசியும், குன்றுக்குத் தேன். அந்தந்த நிலத்தில் எளிதில் கிடைத்த இனிப்பு எதுவோ அதுவே பானைக்குள் போயிருக்கிறது.

பழமது சங்கப் பாட்டில் இல்லவே இல்லையா என்றால், மறக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மலைப்பாறைச் சுனையொன்றில் மிளகு உதிர்கிறது, மாங்கனி விழுகிறது, கலைந்த தேன் கலக்கிறது, பலாப்பழம் வெடித்து ஊறித் தேறலாக விளைகிறது. தண்ணீர் என்று நினைத்து அதைக் குடித்த மயில், விழாக்களத்தில் கயிற்றின் மேல் ஆடும் பெண்ணைப்போலத் தள்ளாடுகிறது. தானாக நொதித்த காட்டுப் பழத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பாட்டு அபூர்வம். மாவும் பலாவும் மழைமலைக்காடுகளின் செல்வம் என்பதும், அந்த மதுவைக் குடித்தது மயில் என்பதும்தான் இதில் முக்கியம். கெடாரின் களாக் கரட்டில் அப்படியொரு சுனை நிரம்ப வழியில்லை.

திராட்சை வைனோ கப்பலில் வந்தது. கெடாரிலிருந்து கிழக்கே ஒரு நாள் மாட்டு வண்டிப் பயணத்துக்குச் சற்று கூடுதலான தூரத்தில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் கூர்அடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பிற்பாடு 1989 முதல் விமலா பெக்லியின் குழு மீண்டும் தோண்டியது. அந்த உடைசல்களை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகளே மிகுதி என்று கண்டார். கோஸ் வைனில் கடல் நீர் கலப்பது வழக்கம். ரோமானியரான கேட்டோ அதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த நறுந்தேறலைப் பாண்டிய மன்னனுக்கு ஏற்றிச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டும் இருக்கிறது. பொற்கலத்துக்குத் திராட்சை, மண்கலத்துக்கு அரிசியும் பனையும். இந்த வர்க்கப் பிரிவினை அன்றே தொடங்கிவிட்டது.

இனி சட்டம். வெள்ளையர் காலத்து 1886ஆம் ஆண்டுச் சென்னை அப்காரிச் சட்டம் குடியைத் தடுக்கவில்லை, அதிலிருந்து வருமானம் பார்த்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 அக்டோபர் 2 முதல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. இன்றும் நடப்பிலிருக்கும் அந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் மது என்பதற்குத் தரும் விளக்கத்தில் கள், சாராயம், வைன், பீர் எல்லாம் அடக்கம். ஆல்கஹால் உள்ள எந்தத் திரவமும் அடக்கம். உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். வீட்டு உபயோகத்துக்கு, அதுவும் நாலு படி நாவல் சாறுதானே என்ற சலுகை எதுவும் கிடையாது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு கறாரானது என்பது புரியும். 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு இருந்தபோது, வால்ஸ்டெட் சட்டத்தின் 29ஆம் பிரிவு வீட்டில் பழச்சாறும் சைடரும் செய்துகொள்ள இடம் விட்டது. கலிபோர்னியாவில் திராட்சைப் பரப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. காய்ந்த திராட்சைச் சாற்றைக் கட்டியாக்கி விற்ற வியாபாரிகள், தண்ணீரில் கரைத்து இருட்டில் வைத்துவிடாதீர்கள், வைனாகிவிடும் என்ற பாணியில் எச்சரிக்கை அச்சடித்தார்கள். செய்முறையை இதைவிடத் தெளிவாக யாரும் விளம்பரம் செய்திருக்க முடியாது. இன்றும் அங்கே ஒரு வீட்டில் வயதுவந்தவர் ஒருவர் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலனும், இருவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலனும் வரியில்லாமல் சொந்தக் குடிக்குச் செய்துகொள்ளலாம், விற்கக் கூடாது.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. விளைவு விசித்திரமானது. ஆலையில் செய்த பிராந்தி விற்கலாம், வரப்புப் பனையின் கள் விற்கக் கூடாது. விழுப்புரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில், விதியே வேறு.

இடைவெளியை நிரப்பியது ‘ஊறல்’. கல்வராயன் மலைப் பக்கம் இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு என்ற செய்தி நாளேடுகளில் வராத மாதம் குறைவு. வெல்லத்தைக் கரைத்து, வெள்வேலம் பட்டை, கடுக்காய் சேர்த்துப் பேரல்களில் ஊறவைத்துக் காய்ச்சுவது அந்த முறை. பட்டைச் சாராயம் என்ற பெயர் அதனால் வந்தது. ஊறல் வரைக்கும் அதுவும் நொதித்தல்தான். அடுப்பில் ஏற்றிய பிறகு கதை வேறு.

உயிர் எடுப்பது பெரும்பாலும் கள்ளோ பட்டைச் சாராயமோ இல்லை. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர். இரண்டு இடத்திலும் எமனாக வந்தது தொழிற்சாலை மெத்தனால். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. பழத்தை நொதிக்கவைத்தாலும் தோலில் உள்ள பெக்டினிலிருந்து சிறிதளவு மெத்தனால் உண்டாகும். களாபோல் பெக்டின் கூடிய பழத்தில் அது சற்று அதிகமாகவும் இருக்கலாம். சர்வதேசத் திராட்சை மற்றும் வைன் அமைப்பு சிவப்பு வைனுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம். விஷச் சாராயத்தில் மெத்தனாலே மூலப்பொருள். இந்த வேறுபாடு பொதுப் பேச்சில் காணாமல் போய்விட்டது. கள்ளக்குறிச்சிக்குப் பின் 2024இல் திருத்தப்பட்ட சட்டம், உயிரிழப்புக்குக் காரணமானவருக்கு ஆயுள் சிறையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. கடுமை வேண்டியதுதான். ஆனால் மெத்தனால் கடத்துபவரையும் பானையில் பழம் போட்டவரையும் ஒரே கண்ணால் பார்க்கும் பழைய வரையறை அப்படியே நிற்கிறது.

சட்டபூர்வமான பழமது கெடார் வட்டாரத்தில் கிடைக்கவே செய்கிறது என்பது வேடிக்கை. மருந்துக் கடையில் திராட்சாரிஷ்டம் கேட்டால் தருவார்கள். உலர்திராட்சைக் கஷாயத்தில் வெல்லமும் வாசனைப் பொருள்களும் சேர்த்து நாள்கணக்கில் மூடிவைத்து நொதிக்கவைத்தது அது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் தசமூலாரிஷ்டமும் இதே குடும்பம். அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் தானாக உண்டாகும் ஆல்கஹால் 12 சதவீதம் வரை போகலாம், அதாவது திராட்சை வைன் அளவுக்கு. பலவற்றில் நொதிக்கவைக்கச் சேர்ப்பது தாதகிப் பூ. காட்டில் பறித்த அந்தப் பூவின் தேனோடு காட்டு ஈஸ்டும் கூடவே வருகிறது. குடிப்பவர் அவுன்ஸ் கணக்கில் குடிப்பதால் யாரும் அதை மது என்று சொல்வதில்லை.

இன்னொரு விலக்கு தேவாலயத்துக்கு. பூசைக்கு வேண்டிய வைனைத் தயாரிக்கத் தனி உரிமம் உண்டு. அங்கே நாவலும் களாவும் நுழைய முடியாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதி, பலிபூசை வைன் திராட்சைக் கொடியின் கனியிலிருந்தே வர வேண்டும் என்கிறது. மிஷனரிகள் போன இடமெல்லாம் திராட்சைக் குச்சியைக் கொண்டுபோனதற்கு இதுவும் காரணம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பது அந்தப் பள்ளத்தாக்கின் வரலாறாகச் சொல்லப்படுகிறது. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் வகை. அது இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில்களில் உருவானதோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். பாதிரியார் 1832இல் நட்டது உண்மையென்றால் முதல் கொடி வேறு வகையாக இருந்திருக்க வேண்டும். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில், தோலகட்டி ரோசரியன் மடத்தின் திராட்சை ரசத்துக்கும் நெல்லி ரசத்துக்கும் இன்றும் நல்ல பெயர்.

மற்ற மாநிலங்கள் வேறு பாதைகளில் போயிருக்கின்றன. இமாசலத்தின் கின்னௌர் பழங்குடிப் பகுதியில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே வடித்துக்கொள்ள இசைவு உண்டு. அங்கே ரிப்பா கிராமத்து அங்கூரி பேர்போனது. மத்தியப் பிரதேசம் 2022இல் இலுப்பையின் வடநாட்டு உறவான மகுவாவின் பூவிலிருந்து வடிப்பதைப் பாரம்பரிய மது என்று ஏற்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். அங்கே அந்தப் பூவுக்கே ஆலை வந்துவிட்டது. கேரளம் கொஞ்சம் வளைந்து போனது. 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில், வீட்டு வைன் தயாரிப்பு குற்றம் என்று கலால் துறை நினைவூட்ட, தலைமுறை தலைமுறையாக ஜாடியில் வைன் போட்டுவந்த குடும்பங்கள் திகைத்துப்போயின. பிறகு 2022இல் அதே மாநிலம் பழங்களிலிருந்து வைன் செய்யும் சிறு ஆலைகளுக்கு விதிகளை வகுத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் வாழை, அன்னாசி, முந்திரிப்பழ வைன்களை ‘நிளா’ என்ற பெயரில் உருவாக்கியது.

தமிழ்நாட்டில் பேச்சு பனையைச் சுற்றியே நடக்கிறது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டி அருகே பூரிகுடிசையில் கள் விடுதலை மாநாடு கூடியது. கெடாரிலிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் அதே பனங்காட்டு நிலம்தான். பழ வைன் வேண்டும் என்று மாநாடு கூட்ட இங்கே யாரும் இல்லை. களாவுக்கு இல்லாதது பனைக்கு இருக்கிறது. அதை நம்பி மரமேறும் ஒரு தொழில்குலமே இருக்கிறது.

நாளை இந்த மாநிலம் சிறு வைன் ஆலைகளை அனுமதித்தாலும் முதலில் பானைக்குப் போவது களாவோ சூரையோ ஆகாது. தெற்கே பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைத் தரையில் விடுகிறார்கள். சாறு நிறைந்த அந்தப் பழத்தில் ஏறத்தாழ பத்து சதவீதம் சர்க்கரை. ஒரு நாள் தாண்டினால் அழுகல். கோவாவில் அதே பழத்தை மிதித்துச் சாறெடுத்து, நொதிக்கவைத்து, காய்ச்சி வடிக்கிறார்கள். முதல் வடிப்பு உர்ராக், அதற்கடுத்தது பெனி. 2009இல் பெனி புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பறிகூலி ஏற்கெனவே கொட்டைக் கணக்கில் கழிந்துவிடுவதால், இந்தப் பழத்தின் சர்க்கரை ஏறக்குறைய சும்மா கிடைப்பது. பனையோடு போட்டிபோட வல்ல பழம் இந்த வட்டாரத்தில் உண்டென்றால் அது இதுதான். அதுவும் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது.